பொற்கொடிக்குக் கொடுத்த செவ்வாய்க்கிழமை

பொற்கொடிக்குக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கொடுத்தார்கள். ஆய்வேட்டின் முதல் வரியை எழுதும்வரை வைத்துக்கொள்ளலாம், எழுதியதும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார் எழுத்தர் சங்கரலிங்கம். ஏழு முறை அவகாசம் வாங்கியவளுக்குக் கொடுக்க அவரிடம் வேறு தேதி இல்லை. அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து அழகாக விழவில்லை என்று இன்னொரு தாள் கேட்டாள்.

பீடி சுற்றும் பெண்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. அந்தப் பெண்கள் உலையில் அரிசி வேகிற நேரத்தில் ஐம்பது பீடி சுற்றிவிடுவார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதப் பொற்கொடிக்கு எட்டு மாதம் போதவில்லை.

செவ்வாய்க்கிழமையை விடுதி அறைக்குக் கொண்டுவந்தாள். அறையின் அந்தப் பாதியில் ஷகிலா பானு இருந்தாள். அங்கே புதன், வியாழன் என்று நாட்கள் வழக்கம்போல வந்து போயின. இந்தப் பாதியில் செவ்வாய் முடிந்ததும் செவ்வாய் வந்தது. ஷகிலாவுக்குப் பொங்கலும் பூரியும் கிடைத்தன. பொற்கொடிக்கு எப்போதும் ரவை உப்புமா.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவசரமே இல்லை. நான்கு நிறத்தில் கால அட்டவணை போட உட்கார்ந்தாள். பச்சை மை தீர்ந்துவிட்டது. பச்சை இல்லாமல் அட்டவணை இல்லை, அட்டவணை இல்லாமல் எழுத்து இல்லை. மை விற்கிற கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

அதனால் மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தாள். நேரத்தை எப்படி மிச்சப்படுத்துவது என்று கேட்டுவந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் விளக்கினாள். பிறகு, ‘பீடி சுற்றும் பெண்கள்’ என்று தொடங்குவதா, ‘பீடி சுற்றுகிற பெண்கள்’ என்று தொடங்குவதா என்று பத்தொன்பது செவ்வாய்க்கிழமைகள் யோசித்தாள்.

இதற்குள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போனது. முன்பெல்லாம் படுத்தபடியே சீப்பை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். பிறகு எழுந்து நடக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஷகிலா தண்ணீர்ப் பாட்டிலோடு கிளம்பி, பாதி வழியில் உட்கார்ந்து எழுந்துதான் வந்தாள்.

ஷகிலா தன் ஆய்வேட்டை எப்போதோ கொடுத்துவிட்டாள். அட்டையிலேயே எழுத்துப்பிழை. அப்படியே பைண்டிங் செய்து கொடுத்தாள், தேறியும் விட்டாள். திண்டுக்கல்லில் வேலை கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் பஸ், வழியனுப்ப வர வேண்டும் என்று மூச்சிரைக்கச் சொன்னாள்.

“எனக்கு இன்னும் செவ்வாய்தானே,” என்றாள் பொற்கொடி.

“ஒரு வரிதானே பிள்ள. எழுதிட்டு வா.”

“நல்ல வரியா வரணும்லா.”

“நல்ல வரியையா வரச் சொல்லுதேன்? உன்னையத்தான் வரச் சொல்லுதேன்.”

சொல்லிவிட்டு ஷகிலா திரும்பி நடந்தாள். வெகுதூரம் நடந்தாள். எலுமிச்சம்பழ அளவுக்குச் சிறுத்துப்போனாள். பொற்கொடி மஞ்சள் காமாலையில் கிடந்தபோது தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவள்.

பொற்கொடி கைக்குக் கிடைத்த பேனாவை எடுத்து எழுதினாள். ‘பீடி சுற்றும் பெண்கள் காலையில் எழுந்திரிக்கிறார்கள்.’

படுமோசமான வரி. காலையில் யார்தான் எழுந்திருப்பதில்லை? வலது கை தாளைக் கிழிக்கப் போனது. அந்தக் கையை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கை அடங்கியதும், தாளை இடது கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு நடந்தாள்.

சங்கரலிங்கம் வாசிப்பதற்குள், தப்பு இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள்.

“தப்புக்குத் தனிக் கவுண்டரே இருக்கும்மா. அங்க கூட்டமே இல்ல,” என்றார் அவர்.

அவரே எழுந்துபோய் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து, முத்திரை குத்தித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. புதன், வியாழன், வெள்ளியை எல்லாம் மற்றவர்கள் எடுத்துப் போய்விட்டார்களாம். ஒரு சனிக்கிழமை இருந்தது. அதிலும் நாலரை மணிக்கு மேல்தான் மிச்சம்.

வேறு சமயமென்றால் முழுசாக ஒன்று வரட்டும் என்று காத்திருப்பாள். இப்போது அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். டவுன் பஸ்ஸில் தொங்கினாள்.

திண்டுக்கல் பஸ்ஸில் ஷகிலா ஜன்னலோரம் இருந்தாள். பொற்கொடி தாளை நீட்டினாள். ஷகிலா நிதானமாகப் படித்தாள்.

“எழுந்திருக்கிறார்கள்னு வரணும் பிள்ள.”

பொற்கொடி பதறிப் பேனாவைத் தேடினாள். பஸ் நகர்ந்துவிட்டது. ஷகிலா தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, திருப்பம் வரைக்கும் கையாட்டினாள்.

பொற்கொடி சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். சரியாக அழுகிறோமா என்று யோசிக்கவில்லை. பிறகு டவுன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இரண்டாவது வரியை எழுதினாள். அது முதல் வரியைவிட மோசமாக இருந்தது. கீழே கொஞ்சம் இடம் இருந்ததால் மூன்றாவதையும் எழுதினாள்.