கண்ணாடி மேல் வைத்த பொட்டு

மகரகம பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள் யோகேஸ்வரி. “ஏறுங்கப்பா! பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, அவன் பெல் அடிச்சிட்டான்.”

இராமையா நிதானமாகத்தான் ஏறினார். எழுபத்தொரு வயசு. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விடிய விடிய பஸ்ஸில் வந்து கொழும்பு ஆஸ்பத்திரி நெஞ்சு கிளினிக்கில் கால்கடுக்க நின்றால், அடுத்த மாசம் வரச்சொல்லித் துண்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூணு மணிக்குப் பதுளை பஸ். அதற்குள் இந்த மனுசனுக்குப் படம் பார்க்க வேண்டுமாம்!

இருபது வருசத்துக்கு முன்னாடி துரை பங்களாவில் தங்கிய ஓவியர் ஒருத்தர், கொழுந்து பறிக்கும் பெண்களை வரைந்துகொண்டு போனார். முன்னால் நின்றவள் யோகாவின் அம்மா ரெங்கம்மா. அவள் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருசம். வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிசாக்கி மாட்டியபோது, “இது அவ இல்ல, மொறைச்சிக்கிட்டு இருக்கா,” என்று இராமையா கழற்றி வைத்துவிட்டார். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன தோட்டத்து டீச்சர் போன மாசம் வந்து, கொழும்புச் சித்திரக் கூடத்தில் ரெங்கம்மா படம் தொங்குவதாகச் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை, யோகாவுக்கு நிம்மதியில்லை.

கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“ஐயோ, இது கோயில் இல்லப்பா!”

“இருக்கட்டும் புள்ள.”

வெறுங்காலோடு ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று நின்று போனார். மணி ஒண்ணே முக்கால். யோகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி அறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அம்மா. முதுகில் கூடை, முகமெல்லாம் சிரிப்பு.

“நாந்தான் அப்ப வரையிறவருக்குப் பின்னால நின்னு கேலி பண்ணேன்,” என்றார் இராமையா. “அதுக்குத்தான் சிரிக்கிறா.”

“பாத்தாச்சில்ல? படத்துப் பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ புடிச்சிக்கிறேன், கெளம்புவோம்.”

போனைத் தட்டிய பிறகுதான் கவனித்தாள். அப்பாவின் விரல் சிவந்திருந்தது. வீட்டில் இறந்தவர் படத்துக்கு வைப்பதுபோல, தோட்டத்துக் கோயில் குங்குமத்தைப் பொட்டலத்தில் கொண்டுவந்து அம்மா நெற்றியில் வைத்திருக்கிறார்!

காவலாளி சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தான். யோகாவுக்கு மானமே போயிற்று. “சொரி சேர், சொரி,” என்று முந்தானையைப் போத்தல் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். அது இன்னும் அப்பிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் துடைத்தாள்.

“ஒங்களோட பெரிய ரோதனையாப் போச்சுப்பா! இந்த வயசுல இதெல்லாம் தேவையா? இனி ஒங்கள எங்கயாவது கூட்டிக்கிட்டு வந்தா என்னன்னு கேளுங்க!”

துடைத்துவிட்டுத் திரும்பினாள். இராமையா நடுவில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்திரிங்க, பஸ் போயிரும்.”

தோளைத் தொட்டதும் தலை அவள் இடுப்பில் சாய்ந்தது.

மறுநாள் வேனில் உடலை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். லயத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முதல்நாள் கட்டிய சேலையோடு வழியில் பசறை டவுனிலேயே இறங்கினாள் யோகா. தலைமாட்டில் வைக்க அப்பாவின் படம் வேண்டும். கையில் இருந்தது அந்த ஒரு போட்டோதான்.

ஸ்டூடியோ றவூப் நானா அதைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிப் பார்த்தார். “பின்னால உள்ள படத்த வெட்டிட்டு அப்பாவ மட்டும் எடுப்பமா?”

“வேணாம் நானா. ரெண்டு பேரும் இருக்கட்டும்.”

“அப்ப அந்தப் பொம்பளட நெத்தியில ஒரு செவப்பு கெடக்கு. கண்ணாடியில பட்ட ஊத்தை போல. அழிச்சிடுறன்.”

“ஐயோ, விடுங்க நானா!” மேசையில் ஓங்கித் தட்டினாள். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அத நா ஒருக்கா அழிச்சிட்டேன்.”

றவூப் நானா கையை எடுத்துக்கொண்டார். பிரிண்டர் ஓடத் தொடங்கியது. முந்தானையின் சிவந்த நுனியை உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்தபடி, படம் வரும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள்.