இரண்டாவது கையெழுத்து

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. விமானம் பழுது பார்ப்பவனுக்குக் கொஞ்சம் பயம் இருப்பதுதான் நல்லது. நட்டை முடுக்கினோமா என்று மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறவனை நம்பித்தான் ஜனங்கள் மேலே ஏறி உட்காருகிறார்கள். ஆனால் எழுபத்தொன்பதாம் வருடம் ஜூலை மாதம் எனக்கு வந்த பயம் வேறு ரகம். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வாசலில் சைக்கிள் மணி அடித்தால் கதவைத் தாழிட்டேன்.

மீனம்பாக்கத்தில் விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் எங்கள் ஹேங்கரில் நானூறு மெக்கானிக்குகள். எங்களுக்காக நிர்வாகத்திடம் பேசுவதற்கு ஒரு சங்கம் இருந்தது. நிர்வாகத்திடம் என்ன பேசியதோ தெரியாது, எங்களை நன்றாக மிரட்டியது. அதன் செயலாளர் மாணிக்கவாசகம் தலையாட்டினால் பகல் ஷிஃப்ட், முறைத்தால் கௌகாத்திக்கு மாற்றல். இந்தச் சங்கமே வேண்டாம், வேறு சங்கம் வைத்துக்கொள்வோம் என்று என்ஜின் பிரிவு ராஜகோபால் கிளம்பினார். பாதிப் பேருக்கு மேல் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு லேபர் ஆபீசில் கொடுத்துவிட்டால் அவர்களே வந்து ரகசிய ஓட்டு நடத்துவார்கள். கொடுக்கிற நாள்வரை பெயர்கள் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் ஒவ்வொருவனாகப் பிடித்து நசுக்கிவிடுவார்கள். ராஜகோபால் 'ஏணியிலிருந்து விழுந்து' கையை முறித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் ஏணியிலேயே ஏறவில்லை என்பது ஹேங்கர் முழுக்கத் தெரியும்.

மாவுக்கட்டோடு என்னைக் கூப்பிட்டு, "தேவசகாயம், ஃபாரக் கட்டு உங்கிட்ட இருக்கட்டும்பா. மெட்ராசுல எங்க வச்சாலும் வீடு பூந்து எடுத்துருவானுங்க. நீ காஞ்சிபுரத்துலேர்ந்து ரயில்ல வந்து போறவன். அதோட உம்மேல எவனுக்கும் சந்தேகம் வராது" என்றார். கடைசி வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். மறுக்கவும் ஒரு தைரியம் வேண்டுமே.

இருநூற்றுப் பதினொரு ஃபாரங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லேபர் ஆபீசில் கொடுக்கவேண்டும். கட்டின் அடியில் இருநூற்றுப் பன்னிரண்டாவதாக என்னுடைய ஃபாரம், பெயர் மட்டும் எழுதி, கையெழுத்தில்லாமல். கடைசி நிமிஷத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு மனிதனையும் அடையாளம் தெரியவில்லை. கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதரை நாற்பது வருடத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து வைப்பார்கள். அந்த முறை அந்த வருடம் வந்தது. எந்தெந்த ஊர் ஜனமோ வந்து இறங்கியபடி இருந்தது. முகம் தெரியாதவனைக் கண்டு பயப்படுகிற எனக்கு, தெருவெல்லாம் முகம் தெரியாதவர்கள். என் மனைவி சம்பூர்ணத்துக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்றாலும், சின்னக் காஞ்சிபுரம் மாட வீதி முனையில் ஒரு பந்தல் போட்டு, பக்தர்களின் செருப்பைக் காக்க உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு டோக்கன் செய்து கொடுத்தது நான். காயலான் கடை அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி, உளியால் நம்பர் அடித்தேன். எங்கள் ஹேங்கரிலும் அதே முறைதான். டோக்கனைக் கொடுத்தால்தான் ஸ்பானர் கிடைக்கும். ஸ்பானர் திரும்பி வந்தால்தான் டோக்கன் கிடைக்கும். ஒரு ஸ்பானர் குறைந்தாலும் விமானம் கிளம்பாது.

ஃபாரக் கட்டும் அந்தப் பந்தலில்தான் இருந்தது. சம்பூர்ணத்தின் காலடியில் ஒரு கோணிப்பை, அதற்குள் கட்டு, மேலே பழைய செருப்புகள். வீட்டைக் குடைகிறவன்கூடச் செருப்பு மூட்டையில் கை விடமாட்டான் என்பது என் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். குனிந்து செருப்பை அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே இரண்டு ஜோடி கறுப்பு பூட்ஸ் வந்து நின்றன. முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். எங்கள் கம்பெனி கொடுப்பது. ஒரு ஜோடியில் ஆயில் ஊறி ஊறித் தோலே வெளுத்திருந்தது. இன்னொன்றில் ஒரு சொட்டு ஆயில் கூட இல்லை. பதினோரு வருடமாக ஸ்பானரைத் தொடாத ஆள் ஹேங்கரில் ஒருவர்தான் உண்டு. நிமிர்ந்து பார்க்காமலே எனக்கு வியர்த்துவிட்டது.

"இன்னா தேவசகாயம், லீவு நாள்ல சைடு பிசினசா?" என்று சிரித்தார் மாணிக்கவாசகம். பக்கத்தில் அவருடைய அடியாள் தர்மன் நின்றான்.

தர்மனைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஏனென்றால் அந்தக் கட்டுக்குள் தர்மனின் ஃபாரமும் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் டயர் ரூமில் என்னை மடக்கினான். அடிக்கத்தான் வருகிறான் என்று இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டேன். "ஃபாரம் குடு" என்றான். "எந்தம்பி பொண்டாட்டி ஆஸ்பத்திரில பிரசவ வலில கத்திக்கினு இருக்க சொல்லோ அவனைக் கௌகாத்திக்குத் தூக்கிட்டாரு. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன்பா. வாயத் தொறக்கல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அது நிஜமா, வேவு பார்க்கப் போட்டதா என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இப்போது புரிந்துவிட்டது. காட்டிக்கொடுத்தவன் இவன்தான்.

"தர்மன் ஒண்ணும் சொல்லலைபா, அவனை ஏன் முறைக்கிற?" என்றார் மாணிக்கவாசகம். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். "வரதராஜன் குடுத்தான்."

வரதராஜன் பத்து நாளைக்கு முன், பயமாக இருக்கிறது என்று தன் ஃபாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டவன். சரி, அதில் அவன் பெயர்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அவர் ஃபாரத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தார். அங்கே பொடி எழுத்தில் 'தே. 217' என்று இருந்தது. என் எழுத்து. ஹேங்கரில் என் நம்பர்.

எங்கள் வேலையில் ஒரு காகிதத்துக்கு ஒரு கையெழுத்து போதாது. வேலையைச் செய்தவன் போடவேண்டும், அதைச் சரிபார்த்தவனும் மூலையில் போடவேண்டும். இரண்டும் இருந்தால்தான் காகிதம் செல்லும். எட்டு வருடமாக நான் சரிபார்க்கிறவன். ஃபாரத்தில் அப்படி ஒரு இடமே கிடையாது, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. கை அது பாட்டுக்குப் போட்டிருக்கிறது. சொந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடப் பயந்த முட்டாள், ஊரான் ஃபாரம் அத்தனையிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

"கட்டு உங்கிட்டதான் இருக்குது. உன் ஃபாரத்துல கையெழுத்தே இல்லன்னும் வரதராஜன் சொன்னான். புத்திசாலி. கட்டைக் குடுத்துரு, நீ இதுல இருந்ததே எனக்குத் தெரியாது. குடுக்கலைன்னா ஏணி எல்லாருக்கும் ஒரே ஏணிதான்பா" என்றார். பூட்ஸைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "சாமியப் பாத்துட்டு வந்துடறோம். அதுக்குள்ள எடுத்து வையி."

டோக்கன் வாங்கிக்கொண்டு இருவரும் கூட்டத்தில் கலந்தார்கள். வரிசை எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும்.

சம்பூர்ணம் என் பக்கம் திரும்பினாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. "குடுத்து தொலைச்சிடுங்க. கைய ஒடச்சா நாளைக்கு யார் வந்து சோறு ஊட்டுவாங்க?" என்றாள்.

நானும் கொடுக்கத்தான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை. ஓடவும் நினைத்தேன். ஆனால் நூற்று நாற்பது ஜோடி செருப்பு என் பொறுப்பில் இருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போக என்னால் முடியவில்லை. ஸ்டேஷனில் அவர் ஆள் நிறுத்தாமலா இருப்பார் என்ற பயமும் இருந்தது. உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் வந்தார்கள், டோக்கன் கொடுத்தேன், வாங்கினேன். அந்த இரண்டு ஜோடி பூட்ஸும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

மத்தியானம் ஒரு மணி ஆனது. எடுத்துத் தயாராக வைப்போம் என்று கோணிக்குள் கை விட்டுக் கட்டை எடுத்தேன். கொடுப்பதற்கு முன் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு ஆகாது. எண்ணினேன். ஒவ்வொன்றின் மூலையிலும் தே. 217. பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த எழுத்தை நம்பித்தான் இத்தனை வருடமும் பைலட் ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினான். இவர்களும் அப்படி நம்பித்தான் என்னிடம் கொடுத்தார்கள். இருநூற்றுப் பதினொன்றை எண்ணி முடித்ததும் அடியில் என் ஃபாரம் வெறுமையாக இருந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக வந்தது.

"பேனா குடும்மா" என்றேன்.

"எதுக்கு?"

"குடு."

தகர டப்பாவிலிருந்து மகளின் இங்க் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். கசிகிற பேனா. முதல் எழுத்தே கோணியது. போட்டு முடித்தேன்.

"பைத்தியமா புடிச்சிக்குது உங்களுக்கு?" என்று வாயைத் திறந்தவள், சட்டென்று என் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். வீதி முனையில் மாணிக்கவாசகம் வந்துகொண்டிருந்தார். கட்டைக் கோணியில் தள்ளி, ஈரம் காயாத என் ஃபாரத்தை அதன் மேலேயே போட்டு, இரண்டு கை செருப்பை அள்ளி மூடினாள்.

தார் ரோடு கொதித்தது. செயலாளர் வெறுங்காலோடு தத்தித் தத்தி வந்தார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"எங்க?"

"எங்கிட்ட இல்லண்ணே." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என் கண்ணையே பார்த்தார். பயந்தவன் கண் நிற்காது. அது என்னைக் கேட்காமல் கோணிப்பைக்குப் போய்விட்டு வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"தர்மா, அந்தக் கோணியில கைய வுடு."

தர்மன் மண்டியிட்டான். அந்த நொடியில் என் நாக்கு நுனிக்கு ஒரு வாக்கியம் வந்தது. 'மொதல்ல இவன் ஃபாரத்தைப் பாருங்கண்ணே.' அவ்வளவு சொன்னால் போதும், ஏணி அவனுக்குப் போயிருக்கும். எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். சம்பூர்ணம் என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

தர்மனின் கை முழங்கைவரை உள்ளே போனது. அசைந்தது. நின்றது. காகிதத்தைத் தொட்டுவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்போதுதான் கவனித்தேன். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நான் அவனுக்குப் பயந்துகொண்டிருக்க, அவன் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறான்.

கையை வெளியே எடுத்தான். ஒரு பிய்ந்த ரப்பர் செருப்பு. "வெறும் செருப்புண்ணே. நாத்தம் கொடலைப் புடுங்குது."

அவன் கட்டை விரலில் நீல மை. நான் பார்த்தேன். மாணிக்கவாசகம் பார்ப்பதற்குள் அவன் கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"ராஜகோபால் வீட்டுக்குத் தள்ளி வுட்டிருப்பான். வாங்கண்ணே, அங்க போவலாம்" என்று இடது கையால் டோக்கனை நீட்டினான். பூட்ஸைக் கொடுத்தேன். மாணிக்கவாசகம் லேஸைக் கட்டிக்கொண்டே, "திங்கக்கிழமை வேலைக்கு வருவ இல்ல, பாத்துக்கறேன்" என்றார். போய்விட்டார்கள். நான் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்சில் நானும் சம்பூர்ணமும் போனோம். கட்டு அதே செருப்புக் கோணிக்குள் இருந்தது. லேபர் ஆபீசில் குமாஸ்தா ஒவ்வொன்றாக எண்ணிக் கடைசி ஃபாரத்தில் நிறுத்தினார். என் கையெழுத்து இழுபட்டு மங்கியிருந்தது. கீழ் மூலையில், மற்ற எல்லாவற்றிலும் நான் 'தே. 217' போட்டிருந்த அதே இடத்தில், முழுக் கட்டை விரல் ரேகை நீலமாகப் பதிந்திருந்தது.

"என்னய்யா இது கறை? வேற ஃபாரம் தரேன், சுத்தமா எழுதிக் குடு."

"வேணாம் சார்" என்றேன். "அது சரிபார்த்தவர் போட்டது."