மனம் வந்து சேரும் நேரம்

எங்கள் மைதானத்தில் ஓடுகிறவரின் உடம்புக்கு ஒரு கடிகாரம், மனத்துக்கு ஒரு கடிகாரம். உடம்புக் கடிகாரத்துக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். மனக் கடிகாரத்தை இருபத்தாறு வருடமாக நான் பிடிக்கிறேன். மனம் போகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு லேசாகக் கலையும். முடிவுக் கோட்டில் கலைந்ததும் பொத்தானை அமுக்க வேண்டும்.

தேசிய முகாமில் சேர, உடம்பு வந்து மூன்று வினாடிக்குள் மனமும் வர வேண்டும். முன்னால் வரக் கூடாது. போன மாதம் ஒருத்தியின் மனம் முந்தின நாளே வந்து காத்திருந்தது. அவளைச் சேர்க்கவில்லை.

ஐயாயிரம் மீட்டர் ஓடும் இசக்கிதேவிக்கு நாற்பத்தொரு வினாடி தாமதம். மூன்று தேர்விலும் அதேதான்.

“ஏட்டி, அது எங்கதான் போவுது? காப்பி குடிக்கவா?” என்றார் பயிற்சியாளர் பிச்சையா சார். “இன்னைக்குக் கடைசித் தேர்வு. அடுத்த வருசம் உனக்கு வயசு தாண்டிரும்.”

அவள் என்னிடம் வந்தாள். ஓடுகிறவர்களோடு நான் பேசுவதில்லை. கூச்சம்.

“எங்க நிக்குது அண்ணாச்சி?”

“குழாய்கிட்ட. எட்டாவது சுத்துல இருந்து அஞ்சு தடவ. தடவைக்கு எட்டு வினாடி, நாப்பது. மீதி ஒண்ணு கணக்குல வரல.”

“அங்கதான் போன வருசம் விழுந்தேன். முடிக்காமலே வீட்டுக்குப் போயிட்டேன். நின்னு என்ன செய்யுது?”

“தெரியலம்மா. எனக்கும் கேக்கணும்னு உண்டு.”

எட்டாவது சுற்றில் அவள் குழாயருகே நின்றாள். பிச்சையா சார் தலையில் கை வைத்தார். அவள் குனிந்து ஏதோ சொன்னாள். எட்டு வினாடி. பிறகு ஓடினாள், பக்கத்திலேயே சுண்ணாம்பும் கலைந்துகொண்டு போனது. அதற்குப் பின் எந்தச் சுற்றிலும் அது நிற்கவில்லை.

உடம்பு வந்தது பதினேழு நிமிடம் இருபத்தாறு வினாடியில். எல்லை பதினேழரை நிமிடம். மனம் இரண்டு வினாடி பின்னால்.

“சேத்தாச்சு!” என்று பிச்சையா சார் அவள் முதுகில் தட்டினார்.

“குனிஞ்சு என்னம்மா சொன்ன?” என்று கேட்டேன்.

“மெதுவா வா, நான் இருக்கேன்னு சொன்னேன் அண்ணாச்சி.”

குழாயருகிலிருந்து இன்னொரு இசக்கிதேவி எழுந்து நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலில் ரத்தம் காயவில்லை. நெஞ்சில் போன வருடத்து எண். மீதி நாலரைச் சுற்றையும் விடாமல் ஓடினாள், எண்ணினேன்.

போன வருடத் தாளை எடுத்து அவள் பெயருக்கு நேரே எழுதினேன்: ஒரு வருடம், நான்கு நாள், முப்பத்தொரு நிமிடம், ஆறு வினாடி. பன்னிரண்டாம் இடம்.

பிச்சையா சார் கையெழுத்துப் போட்டார்.