தடிப் பிரஷ்

ஆபீஸில் அவனுக்கு வைத்த பெயர் மோப்பம். எங்கே எது இடித்தாலும் அவனுக்குத்தான் முதலில் மூக்கு வேர்க்கும்.

கம்பெனி புதிதாக இறக்கிய டூத் பிரஷ் மண்ணைக் கவ்வியது. பிடி அவ்வளவு தடி, எந்த டம்ளரிலும் நிற்காது. நாலே நாளில் முடி வேறு கொட்டியது. கடைகளிலிருந்து திரும்ப எடுத்துவர மோப்பத்தை அனுப்பினார்கள். எல்லாக் கடையிலும் தூசி படிந்து கிடந்தது. ஒரு மூலைக்கடையில் மட்டும் ஒன்றுகூட மிச்சமில்லை.

"ஒரு அக்கா வாராவாரம் டஜன் கணக்குல அள்ளிட்டுப் போறாங்க" என்றார் கடைக்காரர். "நாளைக்கும் வருவாங்க."

"எதுக்காம்?"

"பல்லு தேய்க்கத்தான். வேற எதுக்கு?"

ஒரு வீட்டில் எத்தனை பல் இருந்துவிட முடியும்? நம்மேல் கேஸ் போடத் தடயம் சேர்க்கிறாளோ? தன் பையிலிருந்த ஒரு டஜனைக் கடையில் வைத்துவிட்டு, மறுநாள் எதிர்ச்சாரியில் நின்றான். அவள் வந்தாள், வாங்கினாள், நடந்தாள். இவனும் நடந்தான். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படியில் சட்டென்று திரும்பினாள்.

"யாருய்யா நீ? ரெண்டு தெருவா பின்னாலயே வர்ற?"

அடையாள அட்டையை நீட்டினான்.

"இதை எங்க வேணா அச்சடிக்கலாம். வாசலோட நில்லு."

வாசலிலிருந்தே பார்த்தான். உள்ளே பக்கவாதத்தில் விரல் மடங்காமல் போன ஆறேழு பேர். அவள் பிரஷின் தலையை ரம்பத்தால் அறுத்தாள். பிடியைக் குடைந்து ஒரு கரண்டியைச் செருகி ஒட்டினாள். முன்பே செய்து வைத்திருந்த ஒன்றை ஒரு பெரியவர் நழுவவிடாமல் பற்றிச் சாப்பிட்டார். ஊட்டிவிட வந்த மனைவியை, "நீ போய் உக்காரு" என்று அதட்டினார்.

கடைகளிலிருந்து திரும்பி வந்து, கம்பெனி எரிக்கப்போகும் பிரஷ் பெட்டிகளை அவளுக்கே கொடுத்துவிடலாமே என்று மேனேஜரிடம் கேட்டான்.

"அந்தம்மா உனக்கு என்ன உறவு?" என்றார் அவர். "உனக்கு எவ்வளவு கமிஷன்?"

அடுத்தவரை அவன் எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. காது சுட்டது. "நீங்களே வந்து பாருங்க சார்."

வந்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார், கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். பெரியவர் தட்டைக் காலி செய்யும்வரை அங்கேயே நின்றார்.

"நாப்பது பெட்டி அனுப்பிடு. ஆனா தலையை நம்ம இடத்துலயே அறுத்துடணும். பிரஷ்ஷா வெளிய வித்துட்டாங்கன்னா?"

அவள் சிரித்துவிட்டாள். "தாராளமா அறுங்க சார், எனக்கு வேலை மிச்சம்."

ஏன் சிரிக்கிறாள் என்று மேனேஜர் படியிறங்கும்போதும் இரண்டு தடவை கேட்டார்.