கந்தகக் களிம்பும் கறுத்த கண்ணாடிகளும்

அது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கண்ணாடிகள் மூன்றா நான்கா என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், சலூன்காரர் கடையைத் திறந்து காலை உள்ளே வைத்ததும், சுவரில் இருந்த கண்ணாடிகள் வாசல் பக்கத்திலிருந்து வரிசையாகச் சட்டியின் அடிபோலக் கறுத்துப்போயின என்பதில் சந்தேகமில்லை.

அவருக்கு நாற்பத்தாறு வயதில் முகமெல்லாம் பரு கிளம்பியிருந்தது. பதினெட்டில் வரவேண்டியது வழி தவறி இப்போதுதான் வீடு கண்டுபிடித்ததுபோல, கன்னத்திலும் தாடையிலும் குடியேறிவிட்டது. முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணாடியில் தங்கள் முகத்துக்கு மேலே அந்த முகமும் தெரிந்தது. ஒருவர் பின் ஒருவராகத் தெருமூலையில் இருந்த இன்னொரு சலூனுக்கு, மூலைக்கடைக்குப் போனார்கள். இருந்த இரண்டு சுழல் நாற்காலிகளில் ஒன்று துணி மூடிக்கொண்டது; மற்றதும் மூடிவிட்டால் கடை இல்லை. அவர் அதிகம் பேசாதவர். இருபது வருடத் தொழிலில் "தலையைக் குனிங்க" என்பதைத் தாண்டி அவர் பேசியதை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்த மச்சினிதான் மனம் பொறுக்காமல் கந்தகக் களிம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

"அத்தான், முதல்ல காதுக்குப் பின்னால துளியூண்டு தடவி ஒரு நாள் பாருங்க. எரியலைன்னா முகத்துல மெல்லிசா, ஒரு நாளைக்கு ஒரு தடவை. பத்து நிமிஷத்துல கழுவிடுங்க. கண்ணுகிட்ட கொண்டு போகாதீங்க. அதுக்கு மேல வேற எதையும் பூசாதீங்க."

"மூஞ்சியப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

தொழில் பழக்கம் யாரை விட்டது? களிம்பைக் கிண்ணத்தில் குழைத்து, ஷேவிங் பிரஷ்ஷால் காதுக்குக் காது நுரை போலக் கெட்டியாகப் பூசினார். ஒரு நாளைக்கு மூன்று வேளை. கழுவியதும் படிகாரக் கல்லைத் தேய்த்து, லோஷனைத் தட்டிக்கொண்டார். படிகாரம் படாத முகம் அவருக்குப் பாதியில் விட்ட வேலை. நான்காம் நாள் மனைவியின் வெள்ளி மோதிரம் கறுத்தது. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள், அவர் தொடாமலே கண்ணாடிகள் கறுத்தன. தெருவில் அவர் நடந்த பக்கமாக நின்ற மோட்டார் சைக்கிள்களின் கண்ணாடிகளும் கறுத்தன. ஓட்டியவர்கள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டியிருந்ததில், பத்து வருடம் முகம் கொடுக்காத பங்காளிகள் இருவர் நேருக்கு நேர் பார்த்து, வேறு வழியில்லாமல் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

அன்று மூலைக்கடையில் கூட்டம் என்பதால் ஒரு லாரி டிரைவர் வந்து உட்கார்ந்தார். "கண்ணாடி இப்படி இருந்தா எப்படிண்ணே பாக்கறது? எப்படி இருக்கேன்னு நீங்களே சொல்லுங்க."

சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"நெத்தி பெருசாயிட்டு வருது. காது மேல நரை. கோபக்காரர் மாதிரி தெரியறது புருவத்தாலதான். கண்ணு சாது."

"என் பொண்டாட்டிகிட்ட வந்து இதைச் சொல்லுங்களேன்" என்றார் டிரைவர். வேலை முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நான்கு டிரைவர்கள் வந்தார்கள். அந்த வார முடிவில் வாசலில் பெஞ்சு போட வேண்டியதாயிற்று. சலூன்காரர் பொய் சொல்லவில்லை. வழுக்கையை வழுக்கை என்றே சொன்னார். இருபது வருடமாகப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அவர் முகம் தீப்பட்டதுபோலச் சிவந்து, தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. இமைகள் வீங்கி, கண் கீற்றாகச் சுருங்கியது.

மச்சினி வந்து பார்த்தாள். "இது பரு இல்ல அத்தான், நீங்களே வச்சுக்கிட்ட சூடு. இன்னையோட எல்லாத்தையும் நிறுத்துங்க. முதல்ல டாக்டர்கிட்ட போலாம், வாங்க."

"கண்ணாடி தெளிஞ்சா ஆளுங்க போயிடுவாங்க."

"கண்ணு தெரியாம கத்தி பிடிச்சா, ஆளோட உயிரே போயிடும்."

ஒரு மணி நேரம் கழித்து அவர் எழுந்து முகத்தை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு அவளோடு கிளம்பினார். டாக்டரும் அதையேதான் சொன்னார். கடை பூட்டிக் கிடந்த நாட்களில் கண்ணாடிகள் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தன. மூன்றாம் வாரம் கடை திறந்தபோது அவை பளிச்சென்று இருந்தன. பெஞ்சில் ஒருவரும் இல்லை. பத்து மணிக்கு லாரி டிரைவர் வந்தார், உட்கார்ந்தார், கண்ணாடியில் தன்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு காலால் உந்தி நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிக்கொண்டார்.

"ம், சொல்லுங்க" என்றார்.

அதன்பின், டாக்டர் சரி என்ற பிறகு, சலூன்காரர் களிம்பை மெல்லிசாக, ஒரு வேளை மட்டும் பூசி, பத்து நிமிடத்தில் கழுவினார். பருக்கள் இரண்டு மாதத்தில் அடங்கின. அந்தப் பத்து நிமிடம் மட்டும் கண்ணாடிகள் கறுத்துத் தெளியும். காத்திருப்பவர்கள் பேப்பர் படிப்பார்கள். மச்சினி சொந்தமாக மருந்துக்கடை வைத்தாள். பங்காளிகள் மறுபடி சண்டை போட்டு, மறுபடி சேர்ந்தார்கள். டிரைவரின் மனைவி ஒருநாள் கடைக்கே வந்து, நாற்காலியில் இருந்த புருஷனின் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, சாதுதான் என்று ஒப்புக்கொண்டாள். மூலைக்கடைக்காரர் இப்போது இந்தக் கடையின் இரண்டாவது நாற்காலியில் வேலை செய்கிறார்.