கழுவாமல் விட்ட அறை

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவித்தானே வைப்போம்? அண்ணி செய்ததும் அவ்வளவுதான். தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த பழைய பேட்டரித் தொழிற்சாலையைப் பரிசோதிக்க நகராட்சி ஆள் அனுப்புகிறது என்று கேள்விப்பட்டதும், காவற்காரரைக் கெஞ்சித் திறக்கவைத்து, தெருவையே திரட்டிக்கொண்டு போய் முந்தின நாள் முழுக்க அதைத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

அவளைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைத் தன் வாடகை வீட்டின் முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்பவள். வீட்டுச் சொந்தக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். தொழிற்சாலைக் கட்டடத்தைச் சுத்தப்படுத்திப் பிள்ளைகளுக்கு ஒதுக்கித் தருவதாக நகராட்சி சொல்லியிருந்தது. அதற்கான அரசாங்கப் பணம் உறுதியாகிவிட்டால், அது தயாராகிற வரை பொறுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் பிள்ளைகள் தெருவில்தான்.

பரிசோதிக்க வந்த பெண் முகமூடியும் கையுறையுமாக மண்டியிட்டு, ஈரத்தாளால் தரையைத் துடைத்துப் பார்த்தாள். தாள் வெள்ளைவெளேரென்று வந்தது. ஜன்னல் விளிம்பைத் துடைத்தாள். அதுவும் வெள்ளை.

"அக்கா, யாரு இதைக் கழுவுனது?"

"நாங்கதாம்மா!" என்றாள் அண்ணி பெருமையாக.

கூடக் கழுவ வந்திருந்த தெருத் தையற்காரர் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. "ஜன்னல் பூரா நான். முகம் பாத்துக்கலாம்."

"முகம் பாத்து நான் என்ன பண்றது? எனக்குத் தூசி வேணும். தூசியில ஈயம் இவ்வளவு இருக்குன்னு காட்டினாத்தான் பணம் வரும்."

"அதான் சுத்தமாயிடுச்சே. பணம் வேணாம், சாவியக் குடுத்திடுங்க" என்றாள் அண்ணி.

"சுத்தம்னு எழுத முடியாதுக்கா. மேலாகத்தான் கழுவியிருக்கீங்க. தரை வெடிப்பில, சுவருக்குள்ள எல்லாம் ஈயம் ஊறிக் கிடக்கும். தவழுற பிள்ளை கையத் தரையில வச்சு அப்படியே வாயில வைக்கும்."

"அப்ப அழுக்குன்னு எழுதிடு."

"அழுக்கைக் காட்ட முடியலையே."

"ஏம்மா," என்றார் தையற்காரர், "சுத்தமும் இல்ல, அழுக்கும் இல்லன்னா இது என்னதான் கட்டடம்?"

அந்தப் பெண் வெள்ளைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மனம் கலங்கினால் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக் கும்பிடுவது அண்ணியின் வழக்கம். இன்று எதைக் கேட்பது? விஷம் இருக்கட்டும் என்றா? பிள்ளைகள் தவழப்போகிற இடத்தில் விஷத்தை யாராவது கேட்பார்களா? இருக்கவேண்டாம் என்று கேட்டாலோ பணம் வராது. வாழ்நாளில் முதல் தடவையாக என்ன கேட்பதென்றே அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், "உனக்கே தெரியும் சாமி" என்று அவன் தலையிலேயே போட்டுவிட்டாள்.

கண்ணைத் திறந்தால் எதிரில் கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணி, மாடி ரூமை நான் கழுவல."

"கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொன்னியே தம்பி!"

"சொன்னேன். பொய். உள்ள பூனை குட்டி போட்டிருந்துச்சு. ஒண்ணும் இன்னும் கண்ணே திறக்கல. தண்ணி ஊத்த மனசு வரல. சொன்னா, பிள்ளைங்களை விடப் பூனை பெரிசான்னு திட்டுவீங்கன்னு கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

திட்ட வாயெடுத்த அண்ணியைத் தாண்டி அந்தப் பெண் மாடிப்படி ஏறிவிட்டாள்.

மாடியறையில் தூசி சாம்பல் போலப் படிந்திருந்தது. ஒரே இழுப்பில் தாள் கறுத்துப்போனது. தையற்காரர் கை தட்டினார். அண்ணியும் தட்டினாள். பாதியிலேயே அவள் கை நின்றுவிட்டது. மூலையில் தாய்ப்பூனை, சாம்பல் பூசிய குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தது. நேற்று இதே தூசியைத்தான் வெறுங்கையால் அள்ளினாள். அதே புடவையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நேத்து நாங்க..." என்றாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. "நேத்து உடுத்தின துணியத் தனியா அலசுங்க. நீங்களும் பிள்ளைங்களும் ரத்தம் சோதிச்சுக்கணும். ஆஸ்பத்திரியில நானே சொல்லி வைக்கிறேன். ஒரு நாள்தானேக்கா, பயப்படாதீங்க."

"பூனை?" என்றான் கொழுந்தன்.

அந்தப் பெண் தன் சாமான் பெட்டியைக் காலி செய்து, உள்ளே தன் துண்டை விரித்தாள். குட்டிகளை ஒவ்வொன்றாக ஈரத்தாளால் துடைத்து அதில் வைத்தாள். இதற்கென்று யாரும் அவளுக்குச் சம்பளம் தரப்போவதில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து தொலைபேசி வந்தது. "நல்ல சேதிக்கா! ஈயம் ஏகப்பட்டது இருக்கு. பணம் உறுதி."

"ரொம்ப சந்தோஷம்மா," என்று சொன்ன பிறகுதான், எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்று அண்ணிக்குத் திக்கென்றது. பிள்ளைகளின் ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். அவளை மட்டும் இன்னொரு தடவை வரச் சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை கும்பிட உட்கார்ந்தாள். எதற்கு நன்றி சொல்வது? விஷத்துக்கா, பொய்க்கா, பூனைக்கா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. தண்ணீர் ஊற்ற மனம் வராமல் போனதே, அதற்குச் சொன்னால் தப்பாகாது என்று தோன்றியது. வாய்விட்டே சொன்னாள்.

"அண்ணி, நான் பொய் சொன்னது?" என்று வாசலிலிருந்து கேட்டான் கொழுந்தன், மடியில் குட்டியோடு.

"அத நீயே சாமிகிட்டப் பேசிக்கோ தம்பி. எனக்கு எதுவுமே புரியல."