டிவி இல்லாத ஒன்பதாம் நாள்

டிவி விழுந்ததில் யாருடைய தப்பும் இல்லை. சுவரில் அதைத் தாங்கிக்கொண்டிருந்த திருகாணிகள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கையை விரித்துவிட்டன. சத்தம் கேட்டு அவள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தபோது அது கூடத்தில் குப்புறக் கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தால் திரை முழுக்க விரிசல்.

அவளுக்கு உள்ளூரக் குஷிதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் அவள் மேற்பார்வையாளர். ஆள் உயர இயந்திரங்கள் எட்டு, காலை ஏழு மணியிலிருந்து படுக்கை விரிப்புகளைப் புரட்டிப் புரட்டி உறுமிக்கொண்டிருக்கும். அங்கே காதை அடைத்துக்கொண்டு வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே டிவி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும். கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ரிமோட்டைத்தான் தேடுவார். அதுவும் சத்தம் உச்சத்தில்.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் அவள் தீர்மானமாகச் சொன்னாள். "புதுசு வேண்டாங்க. பாப்பாவுக்கு இந்த வருஷம் பரீட்சை. ஃபோன்ல படம் பாக்குறதுக்குக் கட்டுற சந்தாவையும் நிறுத்திடலாம். பரீட்சை முடியுற வரைக்கும் இப்படியே இருந்து பாப்போம்."

பதினான்கு வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்றுதான் எதிர்பார்த்தாள். மகள் "சரி" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். முகத்தைத் தூக்கியது அப்பாக்காரர்.

"அதெப்படி? வீடுன்னா ஒரு சத்தம் இருக்கணும். நாளைக்கே ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

"அப்படி என்னதான் பாக்குறீங்க? சமையல் நிகழ்ச்சியைக்கூட விட்டு வைக்கிறதில்ல. முட்டை உடைக்கத் தெரியாத ஆளு!"

உள்ளேயிருந்து மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். பிறகு பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் சுவரில் டிவி இருந்த இடத்தையே வெறித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். சின்னப் பிள்ளை மாதிரி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் மூன்று நாள் வீடு புது வீடு மாதிரி இருந்தது. குளிர்சாதனப் பெட்டி முனகுவது கேட்டது. மாடி வீட்டுக்காரர் தும்மினால் எத்தனை தும்மல் என்று எண்ண முடிந்தது. மகள் படிக்கும்போது முணுமுணுப்பாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

நான்காம் நாள்தான் உறுத்தல் ஆரம்பித்தது. "கடைக்குப் போறப்ப சோப்பு வாங்கிட்டு வாங்க" என்றாள். பதில் இல்லை. முன்பெல்லாம் இப்படி நடந்தால், "டிவி சத்தத்துல கேக்கல" என்பார். அவளும் டிவியைத் திட்டிவிட்டு மறந்துவிடுவாள். இப்போது எதிரே போய் நின்று கேட்டால், "ஏதோ யோசனையில இருந்தேன்" என்றார். அன்று ராத்திரிக்குள் மூன்று முறை யோசனை. மறுநாள் ஐந்து முறை.

கோபம் என்று முடிவு கட்டினாள். ஒரு டிவிக்காக ஒரு மனுஷன் இவ்வளவு வீம்பு பிடிப்பானா? சரி, எனக்கும் வீம்பு தெரியும் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை முழுக்க அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமையும் பேசவில்லை. அவரோ சாப்பிட்டார், பேப்பர் படித்தார், மகளுடைய சைக்கிளுக்குக் காற்றடித்தார். மனைவி பேசுவதை நிறுத்தி இரண்டு நாள் ஆயிற்று என்பது அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. வேறு யாராவது இருக்கிறார்களோ என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் கூடைப்பந்துப் பயிற்சிக்குப் போயிருந்தாள். படுக்கையில் கிடந்தவளை ஒரு கூச்சல் எழுப்பியது. அடுப்பில் வைத்த விசில் கெட்டில். தண்ணீர் கொதித்து, அது வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. அவர் எடுப்பார் என்று கொஞ்ச நேரம் பொறுத்தாள். எடுக்கவில்லை. எரிச்சலோடு எழுந்து போனாள்.

அடுக்களை வாசலில் கால் நின்றுவிட்டது.

அவர் அங்கேதான் இருந்தார். மேடைக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, நிதானமாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கெட்டில் அவருடைய வலது கையிலிருந்து இரண்டடி தூரத்தில் இருந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்குப் பல் கூசியது. அவருடைய தோளில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

"என்னங்க," என்றாள்.

வெண்ணெய் தடவினார்.

"என்னங்க!" கத்தினாள். பிறகு, என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே, "நான் இந்த வீட்டை விட்டுப் போறேன்" என்றாள்.

அவர் ரொட்டித் துண்டைத் திருப்பி, மறுபக்கமும் தடவினார். ஏதோ நினைத்துக்கொண்டவர்போல் தலையைத் திருப்பி அடுப்பைப் பார்த்தார். ஆவியைக் கண்டதும் பதறி நெருப்பை அணைத்தார். அப்புறம்தான் வாசலில் நிற்பவளைக் கண்டார்.

"எழுந்துட்டியா? டீ போடட்டுமா?" என்று சிரித்தார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு ஆட்களுக்கு வருஷா வருஷம் காது சோதனை உண்டு. அவளும் போய்வருவாள். சோதிக்கிறவர் தன் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு பேசுவார். மேடைமேல் கிடந்த துணியை எடுத்துத் தன் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கண்கள் அந்தத் துணியைப் பார்த்தன. அவளுடைய கண்களைப் பார்த்தன. மறுபடி துணியைப் பார்த்தன.

"கையை எடு," என்றார். "கையை எடு, ப்ளீஸ்."

அவள் எடுத்தாள். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். இடது காது சுத்தமா இல்ல. வலதுல கொஞ்சம். ஆம்பளைக் குரல் ஏதோ முழங்குற மாதிரி இருக்கும். நீ பேசுறது, பாப்பா பேசுறது… உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறேன்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவே. டாக்டர் எழுதிக் குடுத்தா கம்பெனிக்குத் தெரியும். காது கேக்காதவனை எவன் லிஃப்ட் குழிக்குள்ள இறக்குவான்? இருபது வருஷமா எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்." மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டிவி ஓடுச்சுன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நீயே சொல்லுவே, இந்தச் சனியன் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுன்னு."

லிஃப்ட் குழி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்கு நெட்டையின் ஞாபகம் வந்தது. அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவன் நெட்டை. நல்ல உயரம், எல்லாருக்கும் அதுவே பேர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் இவர் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று அதை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். நெட்டை அடியில் குழிக்குள் இருந்தான். பெட்டி அவன் காலை நசுக்கிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்ன வார்த்தை அவளுக்கு இன்னும் நினைவிருந்தது: அவன் சத்தமே குடுக்கல.

கேட்கவே பயமாக இருந்தது. கேட்டாள். அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு எழுத்தாக. "நெட்டை சத்தம் குடுத்தாரா?"

அவர் வெண்ணெய்க் கத்தியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"தெரியல," என்றார். "பெட்டியை நகத்தலாம்னா இரும்புச் சட்டத்துல ரெண்டு தட்டு தட்டுடா, கத்தி உயிரை வாங்காதேன்னு அவன்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். தட்டுனா கையில அதிரும், தெரிஞ்சுக்குவேன். அன்னிக்கும் தட்டினான், இறக்க ஆரம்பிச்சேன். ஆனா கால் மாட்டுனவன் தட்டிக்கிட்டா இருப்பான்? கத்தியிருப்பான்."

"ஆபீஸ்ல என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"குழியிலேர்ந்து எந்தச் சத்தமும் வரலன்னு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்தவர். யாரோ ஒரு ஆள் அடுக்களைக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அதைவிடக் கொடுமை, இந்த ஆளோடு ரெண்டு வருஷமாக ஒரே சோபாவில் உட்கார்ந்து, இருவரும் எதிரே இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை திரும்பி முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால், அவர் கண் தன் உதட்டிலேயே இருப்பது தெரிந்திருக்கும்.

மத்தியானமே நெட்டையின் வீட்டுக்குப் போனார்கள். அவள் சொல்லித்தான்.

நெட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோல் மடியில் குறுக்கே கிடந்தது. கம்பெனி அவனுக்கு இன்னும் வேலை தரவில்லை. விபத்து அவனுடைய கவனக்குறைவு என்றுதான் காகிதத்தில் இருந்தது. "வாங்கண்ணே! வாங்க அண்ணி!" என்று முகம் மலர்ந்தான். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அதைக் கொஞ்சம் அணைச்சிடுங்க தம்பி," என்றாள்.

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. நெட்டையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"நான் கத்தினேன்," என்றான். கேள்வியா பதிலா என்று தெரியாத குரல். தன் மனைவி பக்கம் திரும்பினான். "கத்தினேன்டி. ரெண்டு தடவை கத்தினேன். ஆபீஸ்ல கேட்டாங்க, நீ கேட்டே, எல்லாரும் கேட்டாங்க. அண்ணன் பொய் சொல்ல மாட்டாரே, அப்ப நான்தான் பயத்துல வாயைத் திறக்கலன்னு… எட்டு மாசமா கண்ணை மூடினா அந்தக் குழியில நின்னு, கத்தினேனா இல்லையான்னு…"

தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நெஞ்சில் மோவாய் பட, ஏதோ சொன்னான்.

அவர் தவித்தார். நெட்டையின் வாய் தெரியவில்லை. தன் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அந்த அறையில் எல்லாரையும் அறைந்த மாதிரி இருந்தது. நெட்டையின் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"போகச் சொல்றாருங்க," என்று கணவரின் முகத்துக்கு நேராகத் திரும்பிச் சொன்னாள் அவள். "உங்க மூஞ்சியை இனிமே பாக்க வேண்டாமாம்."

திங்கட்கிழமை அவர் நடந்ததையெல்லாம் கடிதமாக எழுதிக் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றே கருவிப் பெட்டியையும் அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை ஏழு வாரம் நடந்தது. நெட்டையின் மேல் எழுதியிருந்த குற்றம் நீக்கப்பட்டது. அவனை அலுவலகத்தில் பராமரிப்பு அட்டவணை போடும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இவரைப் பணிமனையில், பழைய கதவுப் பூட்டுகளைப் பிரித்துத் துடைக்கிற மேசைக்கு அனுப்பினார்கள். இனி வாழ்நாளில் குழிக்குள் இறங்கக் கூடாது. அதற்குக்கூட அவர் தலையாட்டினார்.

மகளிடம் சொன்ன நாள்தான் அவளுக்கு மறக்கவில்லை. பெண் அழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் பேசினா நீங்க எல்லா வேலையையும் விட்டுட்டு என் முகத்தையே பாப்பீங்களே. என் ஃபிரண்ட்ஸ்கிட்ட எல்லாம் பெருமையா சொல்லியிருக்கேன், எங்கப்பா மாதிரி யாரும் கவனிச்சுக் கேக்க மாட்டாங்கன்னு," என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. இந்தத் தடவை அவருக்கு அது தெரிந்தது.

வலது காதுக்குக் கருவி வந்தது. முதல் நாள் பேப்பரை விரித்தவர் அந்தச் சரசரப்பில் திடுக்கிட்டுக் கீழே போட்டுவிட்டார். உதடு பார்க்காமல் புரிந்துகொள்ள இன்னும் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

ஞாயிறுதோறும் நெட்டையின் வீட்டுக்குப் போனார். இரண்டு முறை கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை அவளும் கூடப் போனாள். நெட்டையின் மனைவி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

நெட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிரே, இருட்டு மூலையில் ஒரு நாற்காலி இருந்தது. அவர் அதில் உட்காரப் போனார். நெட்டை ஊன்றுகோலை நீட்டி அந்த நாற்காலியின் காலில் மாட்டி, தரையில் கரகரவென்று இழுத்து, தனக்கு நேரே, ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுவந்து போட்டான்.

அவர் உட்கார்ந்தார். நெட்டை முகத்தை நிமிர்த்திப் பேச ஆரம்பித்தான். அதில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை. வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்தி, இத்தனை மாதமாகச் சேர்ந்ததையெல்லாம் சொன்னான். அவர் இமைகூடக் கொட்டாமல் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.